நிதியமைச்சர் பதிலில் வரும் "தள்ளுபடி" நம் தள்ளுபடி இல்லை: டெல்டாவிலிருந்து என்ன கேள்வி அனுப்பலாம்?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்) எழுதியது:

ஒரு பழைய செய்தித் துணுக்கு எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் மறுபடி சுற்றுகிறது. 2025 மார்ச்சில் மக்களவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் எழுத்து மூலம் கொடுத்த பதில் அது. 2014-15 முதல் 2023-24 வரை பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் சுமார் ரூ.16.35 லட்சம் கோடி வாராக்கடனை ரைட்-ஆஃப் செய்தன, அதாவது தங்கள் கணக்கிலிருந்து நீக்கின என்பது தகவல். துணுக்கின் தலைப்பில் "தள்ளுபடி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நேற்று சாயங்காலம் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வயல் சித்தப்பா வரப்போடு வந்து செல்போனை நீட்டினார். "அவங்களுக்குப் பதினாறு லட்சம் கோடி தள்ளுபடி. எனக்கு எழுபத்தெட்டாயிரத்துக்கு நோட்டீஸ். இதுக்கு என்னடா அர்த்தம்?" என்றார். நோட்டீஸையும் மடித்து இடுப்பில் சொருகி எடுத்து வந்திருந்தார். வியர்வையில் தாள் நைந்து போயிருந்தது.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நாடாளுமன்ற இணையதளத்தில் அந்தப் பதிலைத் தேடிப் படித்தேன். அதில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கிறது. ரைட்-ஆஃப் செய்வதால் கடன் வாங்கியவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது, அவர் கடனைக் கட்டித்தான் ஆக வேண்டும், வங்கி வசூல் நடவடிக்கையைத் தொடரும். அதாவது கடன் போய்விடவில்லை, வங்கியின் ஐந்தொகைப் பட்டியலிலிருந்துதான் (பேலன்ஸ் ஷீட்) போயிருக்கிறது.

நாம் கூட்டுறவு சங்கத்தில் பார்த்த தள்ளுபடி வேறு. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு ரூ.12,110 கோடி பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. சங்கத்தில் ரசீது கொடுத்தார்கள், கடன் தீர்ந்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு எழுதுவதால் சித்தப்பா மாதிரி ஆட்கள் ராத்திரி தூங்காமல் கிடக்கிறார்கள். இதை நான் சும்மா விடப் போவதில்லை.

அடுத்த வாரம் எம்.பி. நம் பக்கம் வருகிறார். கூட்டத்தொடருக்கு முன்னால் நிதியமைச்சரிடம் கேட்க ஒரு கேள்வியை எழுதிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். நம் மாவட்டங்களைப் பற்றிய கேள்வியாக இருக்க வேண்டும். என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று சொல்லுங்கள்.

---

ஓய்வு காசாளர் (கும்பகோணம்) எழுதியது:

தம்பி, நான் 34 வருடம் வங்கியில் இருந்தவன். நீங்கள் படித்தது சரி. ஒரு கடன் வாராக்கடனாகி, அதற்கு ஈடாக வங்கி தன் லாபத்திலிருந்து முழுத் தொகையையும் ஒதுக்கி, நாலு வருடமும் ஆகிவிட்டால் அந்தக் கணக்கை ஐந்தொகையிலிருந்து எடுத்துவிடுவார்கள். வரிக் கணக்குக்கும் அது வசதி. அப்புறம் அது தனிப் புத்தகத்தில் இருக்கும். வசூல் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் சித்தப்பாவின் எழுபத்தெட்டாயிரமும் அந்தப் பதினாறு லட்சம் கோடிக்குள் இருக்கலாம். விவசாயக் கடனையும் இதே மாதிரிதான் ரைட்-ஆஃப் செய்கிறோம். நானே மார்ச் கடைசி வாரத்தில் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து அந்தப் பட்டியலைத் தயார் செய்திருக்கிறேன். பட்டியலில் பேர் ஏறிய பிறகும் அதே ஆளுக்கு நோட்டீஸ் போகும். கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறோம் என்று அவருக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். சொன்னால் கட்ட மாட்டார் என்ற பயம். பல வருடம் அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

---

கோட்டூர் மருதன் எழுதியது:

பெயர் எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான், அண்ணே. பெரிய கம்பெனிக் கடன் என்றால் 2016 திவால் சட்டப்படி தீர்ப்பாயத்துக்குப் போகிறது. அங்கே உட்கார்ந்து பேசி, நூறு ரூபாய்க் கடனில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். அதற்கு "ஹேர்கட்" என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். என் அப்பாவுக்கு யார் உட்கார்ந்து பேசினார்கள்?

2008-ல் மத்திய அரசு கடன் தள்ளுபடி செய்தது. ப.சிதம்பரம் பட்ஜெட்டில் முதலில் ரூ.60,000 கோடி என்று அறிவித்தார், பிறகு அது ரூ.71,000 கோடியைத் தாண்டியது. இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருந்தவர்களுக்கு முழுத் தள்ளுபடி. எங்களுக்கு ஆறு ஏக்கர். ஐந்து ஏக்கருக்கு மேல் போனதால் கால் பங்குதான், அதுவும் முக்கால் பங்கை முதலில் கட்டினால். அந்த முக்காலைக் கட்ட அம்மாவின் வளையல் போனது. எதிர்வீட்டுக்காரர் நாலு ஏக்கர்தான் வைத்திருந்தார். அவருக்கும் கிடைக்கவில்லை. 2007 கடைசியில் கடன் நிலுவையாக இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர் நகையை அடகு வைத்து முன்னாலேயே கட்டிவிட்டார். ஒழுங்காகக் கட்டியவர் விடுபட்டுப் போனார்.

பெரிய கடன்களில் திரும்பி வந்தது எவ்வளவு என்று கேட்காமல் வேறு எதைக் கேட்டாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மருதா, கேட்போம். கட்டாயம் வைப்போம்.

---

மன்னை மலர் எழுதியது:

பயிர்க்கடன், தள்ளுபடி என்று பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் சாகுபடி நடப்பது நகைக்கடனில். அதைக் கேட்காமல் விடாதீர்கள்.

போன தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவின் அட்டிகையும் என் இரண்டு வளையலும் ஒரு வங்கியில் விவசாய நகைக்கடனாக இருந்தன. ரூ.1,80,000. வருடம் முடிந்தது. முன்பெல்லாம் வட்டியைக் கட்டி அதே சீட்டை மாற்றி வைத்துக்கொள்வோம். இந்த முறை முழுத் தொகையையும் கட்டி நகையை மீட்டு, மறுநாள் புதிதாக வைக்கச் சொன்னார்கள். அறுவடைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அந்தப் பணத்துக்கு எங்கே போவது? கடைத்தெருவில் ஒருவரிடம் ஒருநாள் கைமாற்று வாங்கினோம். ஒரு நாளுக்கு ரூ.1,800. காலையில் கட்டினோம். மதியம் பொட்டலம் கைக்கு வந்தது. அம்மா அட்டிகையை எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தில்கூட வைக்காமல் அதே துணியில் முடிந்தார். அடுத்த நாள் மறுபடி போனோம். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி, கல்லுக்கு எடை கழித்து, சீட்டு எழுதினார். கைமாற்றுக்காரர் வங்கி வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போனார்.

வங்கியில் இருந்த பெண் நல்ல மாதிரிதான் பேசினார். விதி இப்படி என்றார். எந்த விதி, எந்த நாள் உத்தரவு என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

நான் தேடியதில் தெரிந்தது: ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் நகைக்கடனுக்கு வரைவு விதிகள் வெளியிட்டது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. மே கடைசியில் நிதியமைச்சகமே, ரூ.2 லட்சம் வரை வாங்கும் சிறு கடன்காரர்களுக்கு விலக்கு கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கிக்குச் சொன்னது. ஜூன் 6-ல் இறுதி உத்தரவு வந்தது. குடும்பச் செலவுக்கு வாங்கும் நகைக்கடனில் ரூ.2.5 லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், ரூ.5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் தரலாம். வங்கிகள் இதை 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். அதாவது நாம் சத்தம் போட்டதால் வரைவு மாறியிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், கேட்டால் நடக்கும்.

---

ஓய்வு காசாளர் எழுதியது:

மலர் சொல்லும் ஒருநாள் கைமாற்று உண்மை. வங்கி இருக்கும் தெருவிலேயே இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விவசாயக் கடனுக்கு 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் கழிவு, ஆக 4 சதவீதம் என்று அமைச்சர்கள் சபையில் சொல்வது கிசான் கடன் அட்டை வழியாக வாங்கும் ரூ.3 லட்சம் வரையான பயிர்க்கடனுக்கு. 2025-26 பட்ஜெட்டில் அந்த வரம்பை ரூ.5 லட்சமாக்குவதாக அறிவித்தார்கள். ஆனால் 2020-லிருந்து வட்டிச் சலுகை அட்டைக் கணக்குக்கு மட்டும்தான். வெறும் நகையைக் கொண்டுபோய் வைத்தால் அந்த 4 சதவீதம் கிடையாது. ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. "மத்திய அரசு 4 சதவீதம் சொல்லுது, வங்கி ஏமாத்துது" என்று கவுண்டரில் சண்டைக்கு வருவார்கள்.

---

அவைக்குறிப்பு வாசகன் (தஞ்சாவூர்) எழுதியது:

நான் வக்கீல் குமாஸ்தா. நாடாளுமன்றக் கேள்வி-பதில்களைப் படிப்பது பல வருடப் பழக்கம். கேள்வி எழுதுவதற்கு முன்னால் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் செயலகத்திலேயே தள்ளிவிடுவார்கள்.

கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்னால் கொடுக்க வேண்டும். வாதம், குற்றச்சாட்டு, குத்தல் எதுவும் இருக்கக் கூடாது. "இது அநியாயம் இல்லையா" என்றெல்லாம் எழுத முடியாது. கருத்துக் கேட்கக் கூடாது, தகவல்தான் கேட்கலாம். மாநில அரசின் பொறுப்பில் உள்ளதைக் கேட்டாலும் எடுக்க மாட்டார்கள்.

நட்சத்திரக் குறியிட்டது, இடாதது என்று இரண்டு வகை. நட்சத்திரம் போட்டால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், எம்.பி. துணைக்கேள்வி கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு அப்படி 20 கேள்விதான். குலுக்கலில் வர வேண்டும். வந்தாலும் 11 மணியிலிருந்து 12 மணிக்குள் நாலைந்துதான் எடுபடும். நட்சத்திரம் இல்லாதது ஒரு நாளைக்கு 230. அதற்கு எழுத்தில் பதில் வரும். மாவட்டவாரியாகப் புள்ளிவிவரம் கேட்கும் நமக்கு அதுவே நல்லது. நிதித்துறைக்கு மக்களவையில் திங்கட்கிழமை, அதை எம்.பி. அலுவலகத்தில் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்தது முக்கியமானது. பதில்களை வரிசையாகப் படித்தால் ஒரு பழக்கம் கண்ணில் படும். கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று நாலு பிரிவாக இருக்கும். பதில் "(அ) முதல் (ஈ) வரை" என்று சேர்த்து ஒரே பத்தியாக வரும். அந்தப் பத்தியில் மூன்றுக்குப் பதில் இருக்கும், நாலாவது காணாமல் போயிருக்கும். எது காணாமல் போகக் கூடாதோ அதைத் தனிக் கேள்வியாக அனுப்புங்கள்.

யார் கடன் வாங்கினார்கள் என்று பெயர் கேட்காதீர்கள். 1934 ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45E பிரிவைச் சொல்லி மறுத்துவிடுவார்கள். மொத்த எண்ணிக்கை, மொத்தத் தொகை என்று கேட்டால் அந்தச் சாக்கு எடுபடாது. "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அது அரசு கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைப் பார்க்க உறுதிமொழிக் குழு இருக்கிறது.

---

வேதை உப்பங்காற்று எழுதியது:

அப்படியே கொள்முதலையும் சேர்க்க முடியுமா? ஈரப்பதம் 17 சதவீதம் என்று மூட்டையைத் திருப்பி விடுகிறார்கள். ஐப்பசி மழையில் 17-க்கு எங்கே போவது? 22 வரை எடுக்கச் சொல்லி வருடா வருடம் கேட்கிறோம். பயிர்க் காப்பீட்டுத் தொகையும் வரவில்லை.

---

அவைக்குறிப்பு வாசகன் எழுதியது:

உங்கள் வலி புரிகிறது. ஆனால் இது நிதியமைச்சருக்குப் போகாது. ஈரப்பதத் தளர்வு மத்திய உணவுத் துறை. காப்பீடும் ஆதரவு விலையும் வேளாண் துறை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை, ஆள் இல்லை என்பது மாநில நுகர்பொருள் வாணிபக் கழகம். தவறான அமைச்சகத்துக்கு எழுதினால் நாள் வீணாகும். தனி இழை தொடங்குங்கள், நான் வந்து எழுதித் தருகிறேன்.

---

திருமருகல் குத்தகை எழுதியது:

நாங்கள் கோயில் நிலத்தில் மூன்று தலைமுறையாகச் சாகுபடி செய்கிறோம். கிசான் அட்டை குத்தகைதாரருக்கும் வாய்மொழிக் குத்தகைக்கும் உண்டு என்று திட்டத்தில் எழுதியிருக்கிறது. வங்கிக்குப் போனால் சிட்டா (நில உரிமைப் பதிவு) எங்கே என்கிறார்கள். சிட்டா கோயில் பெயரில் இருக்கிறது. அடங்கலுக்கு (சாகுபடிப் பதிவு) விஏஓவிடம் போனால், நிலுவைக் குத்தகையைக் கட்டி ரசீது கொண்டு வா என்கிறார். 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதிப் பேருக்கு நகை, அதுவும் இல்லாதவர்களுக்கு வட்டிக்காரர்.

வங்கிகள் கொடுக்கும் கடனில் 18 சதவீதம் விவசாயத்துக்கும், அந்தப் பதினெட்டுக்குள் 10 சிறு, குறு விவசாயிக்கும் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி இலக்கு வைத்திருக்கிறது. அந்தப் பத்தில் குத்தகைதாரர் எத்தனை பேர்? இந்த ஒரு எண்ணை வாங்கித் தாருங்கள், போதும்.

---

ராஜாமடம் முதியவர் எழுதியது:

எனக்கு 81 வயது. எங்கள் ஊரில் பிறந்த ஆர்.வெங்கட்ராமன் 1980 முதல் 82 வரை நிதியமைச்சர். அதற்கு முன்னால், முதல் மக்களவையிலேயே தஞ்சாவூர் உறுப்பினராக இருந்தவர். எனவே அந்தச் சபை நமக்கு அந்நியம் இல்லை.

ஒரு கேள்வியால் என்ன ஆகிவிடும் என்று யாராவது நினைத்தால், இதை நினைவில் வையுங்கள். 1957-ல் எல்.ஐ.சி., முந்த்ரா என்ற வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் சுமார் ரூ.1.24 கோடிக்குப் பங்கு வாங்கியது. அதைப் பற்றி மக்களவையில் கேள்வி வந்தது. ஆளும் கட்சி உறுப்பினரான ஃபெரோஸ் காந்தியே எழுந்து துருவினார். நீதிபதி சாக்ளா விசாரணை வைத்தார்கள், பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நான் அப்போது சின்னப் பையன். என் தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், சுற்றிலும் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

யாரையும் பதவியிலிருந்து இறக்கும் எண்ணம் நமக்கு இல்லை. எண்ணைக் கேளுங்கள். எண் வந்துவிட்டால் அதற்கு மேல் மழுப்ப முடியாது.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். எல்லோரும் சொன்னதை வைத்து எழுதிப் பார்த்தேன்.

"நிதியமைச்சர் தெரிவிப்பாரா: (அ) டெல்டா மாவட்டங்களில் ரைட்-ஆஃப் செய்யப்பட்ட விவசாயக் கடன் எவ்வளவு, (ஆ) பெரிய தொழில் நிறுவனங்களின் ரைட்-ஆஃப் கடனில் வசூலானது எவ்வளவு, (இ) ஏழை விவசாயிகளின் நகைகள் ஏலம் விடப்படுவது ஏன், (ஈ) குத்தகைதாரருக்குக் கடன் மறுக்கப்படுவதை அரசு அறியுமா?"

---

அவைக்குறிப்பு வாசகன் எழுதியது:

(இ) நிற்காது. "ஏன்" என்று கேட்டால் "வங்கிகள் தங்கள் இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த கொள்கைப்படி செயல்படுகின்றன" என்று ஒரு வரி வரும். (ஈ)க்கு "இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். "டெல்டா" என்பதை எடுத்துவிட்டு நாலு மாவட்டத்தின் பெயரை எழுதுங்கள். எந்தெந்த ஆண்டு என்று சொல்லுங்கள். மருதன் கேட்பதைத் தனிக் கேள்வியாக்குங்கள், சேர்த்தால் அதுதான் முதலில் காணாமல் போகும்.

---

ஓய்வு காசாளர் எழுதியது:

ரைட்-ஆஃப் செய்ததை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஏதாவது அறிவுறுத்தல் இருக்கிறதா என்பதையும் சேருங்கள். சித்தப்பாவுக்கு அதுதான் தெரிய வேண்டும்.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

திருத்தியது:

முதல் கேள்வி. நிதியமைச்சர் தெரிவிப்பாரா: (அ) கடந்த ஐந்து நிதியாண்டுகளில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வணிக வங்கிகள் ரைட்-ஆஃப் செய்த விவசாயக் கடன் கணக்குகளின் எண்ணிக்கை, தொகை, அவற்றில் பின்னர் வசூலான தொகை, மாவட்டவாரியாக, ஆண்டுவாரியாக, (ஆ) ரைட்-ஆஃப் செய்ததைக் கடன் பெற்றவருக்குத் தெரிவிக்க அறிவுறுத்தல் உண்டா, உண்டெனில் விவரம், (இ) இம்மாவட்டங்களில் நகை ஈட்டின் மேல் வழங்கிய விவசாயக் கடன் கணக்குகள் எத்தனை, ஏலத்துக்குப் போனவை எத்தனை, (ஈ) வட்டியை மட்டும் செலுத்தி நகைக்கடனைப் புதுப்பிப்பது பற்றி வங்கிகளுக்கு அளித்த அறிவுறுத்தலின் தேதியும் விவரமும், (உ) இம்மாவட்டங்களில் கிசான் கடன் அட்டை பெற்ற குத்தகைதாரர்கள் எத்தனை?

இரண்டாம் கேள்வி. 2014-15 முதல் 2023-24 வரை ரைட்-ஆஃப் செய்த பெருந்தொழில், சேவைத் துறைக் கடன் எவ்வளவு, அதில் வசூலானது எவ்வளவு, விவசாயக் கடனில் அதே விவரம் என்ன, ஆண்டுவாரியாக.

---

கோட்டூர் மருதன் எழுதியது:

இரண்டாவது நம்முடையது. சரி, எனக்குச் சம்மதம்.

---

மன்னை மலர் எழுதியது:

(ஈ)யில் தேதியும் கேட்டது நல்லது. அந்தத் தாளை அந்தப் பெண்ணிடமே கொண்டுபோய்க் காட்டுவேன்.

---

திருமருகல் குத்தகை எழுதியது:

(உ) கடைசியில் இருக்கிறது. விடுபட்டுப் போகுமா?

---

அவைக்குறிப்பு வாசகன் எழுதியது:

போக வாய்ப்பு உண்டு. அதை மூன்றாவது கேள்வியாக எழுதித் தனித் தாளில் கொடுங்கள். எம்.பி. பெயரில் ஒரு நாளைக்கு ஐந்து கேள்வி நோட்டீஸ் வரை கொடுக்கலாம். ஆங்கிலத்தில் மாற்றும்போது "தள்ளுபடி" என்று பொருள்படும் சொல் (waiver) எங்கும் நுழையக் கூடாது. அலுவலகத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மூன்று தாளாக எழுதிவிட்டேன். சித்தப்பாவிடம் முதல் கேள்வியைப் படித்துக் காட்டினேன். (ஆ)வை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். "அப்ப என் பேரும் அந்த லிஸ்ட்ல இருக்கலாம்னு சொல்ற" என்றார். இருக்கலாம், ஆனால் கட்ட வேண்டியதும் இருக்கிறது என்றேன். நோட்டீஸை ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், எம்.பி.யிடம் காட்டவாம். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறோம். அவரும் வருகிறார்.